செம்பட்டைக்கு மேல் நீலம்

உலகத்திலேயே நேர்மையான தலைமுடி எங்கள் குடும்பத்தின் தலைமுடிதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இரத்த வகையைச் சொல்வது போல ஒரு தகவலாகச் சொல்கிறேன். அம்மா, அக்கா, நான் என்று மூவருக்கும் பிறவியிலேயே பழுப்பு. நிழலில் காப்பிக்கொட்டை, வெயிலில் செம்பு. எந்த வெளிச்சத்திலும் அது தன்னைக் கறுப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'செம்பட்டை' என்று கூப்பிட்டார்கள். கல்லூரியில் நான் சேர்வதற்கு முன்பே அந்தப் பெயர் போய் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. இருந்தும் நாங்கள் ஒரு சொட்டுச் சாயம் தொட்டதில்லை. சாயம் பூசிய தலை என்பது திருத்தப்பட்ட மதிப்பெண் பட்டியல் என்பது என் கொள்கை. அதை எங்கள் கல்லூரி வராந்தாவில் ஒட்டும் சுவர் இதழில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். பதினோரு பேர் படித்தார்கள். அதில் மூன்று பேர் கழிவறைக்கு வழி தேடி வந்தவர்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா ஒரு சின்ன டப்பாவைச் சமையலறை மேடைமேல் வைத்தாள். மயில் கழுத்து நீலம். மூடியைத் திறந்ததும் அறையே குளிர்ந்த மாதிரி இருந்தது.

"யாருக்கு?" என்றேன்.

"அம்மாவுக்கு."

"அம்மாவுக்கா? என்னக்கா, வீட்டுல கண்ணாடி உடைஞ்சு போச்சா?"

"மெதுவாப் பேசுடா. அப்பா காதுல விழும்."

விஷயம் அப்பாதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. ஓரப்பார்வை மட்டும் மிச்சம். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைமூட்டம் நிற்குமாம். அதனால் முகத்தைப் பார்க்க நினைத்தால் காதைப் பார்ப்பார். மேலும் கெடாமல் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கே லைசென்ஸைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். கைத்தடி வாங்கித் தருகிறோம் என்றோம். "நான் என்ன, வாசல்ல நிக்கிற வாட்ச்மேனா?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வேலையை மட்டும் விடாமல் வைத்திருந்தார். மாலை ஐந்தரைக்கு மாத்திரைக் கம்பெனி வாசலுக்குப் போய் அம்மாவைக் கூட்டி வருவது. அம்மா அங்கே பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். பதினாலு நிமிஷ நடை. கம்பெனிக்கு எதிரே சைக்கிள் ஷெட். அங்கே நின்று, வெளியே வரும் அம்மாவின் பையை வாங்கிக்கொள்வார். இருவரும் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். வீட்டுக்குள் அவர்கள் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. பேச வேண்டியதை எல்லாம் அந்தப் பதினாலு நிமிஷத்திலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அப்பா வேறொரு பெண்ணின் பையை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

குற்றம் அவருடையது அல்ல. சங்கு ஊதினால் இருநூறு பெண்கள் ஒரே மாதிரி சாம்பல் நிற மேல்கோட்டில் வெளியே கொட்டுவார்கள். அந்தப் பெண்மணி கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. "ஐயோ, அவர் என் வீட்டுக்காரர்!" என்று அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ஒருவன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். இரண்டு பொத்தான் போயிற்று.

அன்றிலிருந்து அப்பா போவதில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு எழுந்து வெளுத்த சட்டையை மாற்றிக்கொள்வார். ஜன்னல் ஓரம் உட்கார்வார். ஐந்தே முக்காலுக்கு மறுபடி பழைய சட்டைக்கு மாறிவிடுவார். நாங்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா தனியாக வந்து, செருப்பைக் கழற்றி, "வந்துட்டேங்க" என்பாள். "ம்" என்பார். அவ்வளவுதான்.

"அவர் மறுபடி வாசலுக்கு வரணும். எனக்கு வேற எதுவும் வேணாம்," என்றாள் அம்மா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "அந்தக் கூட்டத்துல வேற எவளுக்கும் இல்லாத ஒண்ணு என்கிட்ட இருக்கணும். அவ்வளவுதான்."

"ஒரு சிவப்புப் பை வாங்கிக்கோயேன்."

"கம்பெனிக்குள்ள கண்ணாடி மாதிரி பைதான் விடுவாங்க. மாத்திரையைத் திருடிடுவோமாம்."

"சரி, கழுத்துல ஒரு மஞ்சத் துண்டு."

"தனக்காகத்தான் கட்டியிருக்கான்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் செத்தாலும் வரமாட்டார்."

"தலையில நீலம் பூசினா மட்டும் தெரியாதா?"

"தெரியாது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சுக்குவார்," என்றாள் அம்மா. "அது பரவாயில்லை."

என் அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்து, 'ஐம்பது வயதில் மயிலாவது எப்படி?' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு இட்டேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் வேதியியல் மூன்றாம் ஆண்டு. அந்த டப்பாவில் இருந்தது செமி பர்மனென்ட் சாயம். முடியின் உள்ளே போய் எதையும் மாற்றாது. மேலே ஒரு கண்ணாடித் தாள் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பத்துப் பன்னிரண்டு முறை தலைக்குக் குளித்தால் போய்விடும். வெளுக்காத பழுப்பு முடியின் மேல் அதைப் பூசுவது பழுப்புக் காகிதத்தில் நீலப் பேனாவால் எழுதுகிற மாதிரி. நீலம் தெரியாது, காகிதம்தான் இன்னும் கறுக்கும். முதல் பார்வையிலேயே எனக்கு இது தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் கட்டுரைக்கு முடிவு கிடைக்காதே.

அக்கா ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பெண். யாருடைய காலைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவாள். அதனால் மற்ற எல்லாமும் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவள். அம்மாவைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து, நெற்றி ஓரத்தில் க்ரீமைத் தடவி, கையுறை மாட்டி, கரண்டிக் காம்பால் வகிடு எடுத்து, அடி முதல் நுனி வரை அப்பினாள்.

"ப்ளீச் பண்ணணும்னு டப்பாவுல போட்டிருக்கேடி?" என்றாள் அம்மா.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. நமக்கு எதுக்கு? முடி வைக்கோலாப் போயிடும்."

நான் குளியலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று குறிப்பெடுத்தேன். "அக்கா, காதுலயும் பூசிட்டியே, தனியா கூலி கேப்பியா?"

"நீ வாயை மூடலைன்னா உனக்கும் பூசிடுவேன்."

"என் தலையை நீ தொடணும்னா என் பிணத்து மேலதான் ஏறிப் போகணும்."

இரண்டு மணி நேரம் கழித்து அலசினார்கள். துண்டு நீலமானது. வாளி நீலமானது. அக்காவின் முழங்கை, அம்மாவின் இரண்டு காது, சுவரில் ஒரு கை அச்சு எல்லாம் அருமையான நீலம். தலை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. அம்மாவுக்கு இந்த வயதிலும் நரை நாலே நாலு. அந்த நாலு மட்டும் விசுவாசமாக நீலம் பிடித்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"காஞ்சா தெரியும்," என்றாள் அக்கா. காய்ந்தது. தெரியவில்லை.

அம்மா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் வெயிலில் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றாள். அப்பா தலையைச் சாய்த்து அவள் காதுப் பக்கம் பார்த்தார்.

"தலைக்குக் குளிச்சியா?"

"ம். எப்படி இருக்கு?"

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "கறுப்பா இருக்கே. வெயில்ல நின்னா உன் தலை மட்டும் செம்பு மாதிரி தெரியும். அதை வெச்சுத்தான் நான்…" என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மிச்சம் இருந்த ஒரு அடையாளத்தையும் நாங்கள் அழித்துவிட்டோம்.

மத்தியானம் நான் மேஜையில் உட்கார்ந்து கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்துகொண்டிருந்தது. 'விசுவாசமான நாலு நரை' என்ற இடத்தில் நானே சிரித்துவிட்டேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நாலாவது முறை கேட்டபோது எழுந்து போனேன்.

அம்மா வாளிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஷாம்பு போட்டுத் தலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தரையில் மெல்லிய நீலமாக ஓடியது.

"போகுதான்னு பாரு," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"கொஞ்சம் போகுது."

"பழைய கலராவது திரும்பி வரட்டும்." ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். "சங்கு ஊதி வெளிய வந்ததும் நான் முதல்ல அந்த ஷெட்டைத்தான் பார்ப்பேன். இப்ப அவர் நிக்கிற இடத்துல எவனோ ஸ்கூட்டரை நிறுத்தறான். தினமும் அந்த ஸ்கூட்டரைப் பார்த்துட்டு வர்றேன்."

அழவில்லை. கண்ணில் ஷாம்பு போயிருந்தது, அவ்வளவுதான். நான் அவள் கையிலிருந்த குவளையை வாங்கித் தண்ணீர் ஊற்றினேன்.

"அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பழுப்பு மேல நீலம் பிடிக்காதுன்னு."

"எப்பத் தெரியும்?"

"காலையிலேயே."

அம்மாவின் விரல்கள் முடிக்குள் அப்படியே நின்றன. "சொல்லியிருக்கலாமே," என்றாள். பிறகு மறுபடி கசக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் அதையும் கட்டுரையில் சேர்த்திருப்பேன். திட்டவில்லை. எழுதிய மூன்று பக்கத்தையும் எடுத்து வந்து குளியலறைத் தரையில் தேங்கியிருந்த நீலத்தைத் துடைத்தேன். நன்றாக உறிஞ்சியது. என் எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

"டேய் கெமிஸ்ட்ரி," என்றாள் அக்கா, விஷயம் தெரிந்ததும். "உன்னைப் படிக்க வெச்சதுக்கு ஒரு பொம்மை வாங்கியிருந்தா அதுவாவது தலையாட்டியிருக்கும்."

"திட்டி முடிச்சிட்டியா? வழி சொல்லவா?"

"சொல்லு."

வழி இதுதான். பழுப்பு முடியை வெளுத்தால் முதலில் வெள்ளை வராது, ஆரஞ்சுதான் வரும். எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் வெளுப்பார்கள். முடி செத்துவிடும். நாம் அந்த ஆரஞ்சோடு சண்டை போடக்கூடாது. அதன் மேலேயே செக்கச் சிவந்த ஆரஞ்சைப் பூசினால் தீ மாதிரி நிற்கும். முழுத் தலையும் வேண்டாம். முன்பக்கம் இடமும் வலமுமாக மூன்று விரல் அகலத்தில் இரண்டு பட்டை போதும்.

"வைக்கோல்?" என்றாள் அம்மா.

"முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு இணுக்குல போட்டுப் பார்ப்போம். அது வைக்கோலானா விட்டுடுவோம்."

அந்த வாரம் முழுக்க அம்மாவின் தலை நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. காதுக்குப் பின்னால் சோதித்த இணுக்கு நல்லபடி இருந்தது, தோலும் அரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா தூங்கும் மத்தியான நேரத்தில், நாங்கள் மூவரும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டோம். ப்ளீச்சை நான் கலக்கினேன், அக்கா பூசினாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைத்துப் பார்த்தோம். முப்பத்தஞ்சாவது நிமிஷத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆரஞ்சாயிடுச்சுடா!"

"ஆகணும்."

"பார்க்கவே பயமா இருக்குடா!"

"அலசு, அலசு."

அதன் மேல் சாயம், ஒரு மணி நேரம், பிறகு குளிர்ந்த தண்ணீர். அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முகத்தின் இரு பக்கமும் இரண்டு நெருப்புக் கோடு. நடுவில் அவளுடைய பழைய பழுப்பு, கொஞ்சம் மங்கலாகத் திரும்பியிருந்தது.

"கம்பெனியில சிரிப்பாங்களோ?"

"சிரிப்பாங்க," என்றேன்.

"சிரிச்சுட்டுப் போறாங்க," என்றாள் அம்மா. சாயந்திரம் முழுக்க, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்வரை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டு நேர்மை அந்த அளவில் இருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு அப்பா வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா தலையைப் பார்த்தீங்களாப்பா?"

"ஏன், என்ன?"

"என்னவோ பண்ணி வெச்சிருக்காங்க. சொன்னா நம்பமாட்டீங்க. கம்பெனியே சிரிக்குதாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கேட்பாங்க."

"வந்ததும் சொல்றேன்."

"வர்ற வழியெல்லாம் ஜனங்க பார்ப்பாங்களேப்பா."

அப்பா கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். "ரோட்டுல போடற வேகத்தடையை உன் வாய்க்குத்தான்டா போடணும்," என்று எழுந்தார். செருப்பைத் தேடும் காலில் ஒரு அவசரம் இருந்தது.

ஷெட் வரை வந்தார். ஆனால் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. பின்னால் தள்ளி, சுவரோடு சாய்ந்து நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், மறந்துகூட யாருடைய பையையும் வாங்கிவிடக்கூடாது என்பது போல. நான் இரண்டடி தள்ளி நின்றேன். எதையும் காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

சங்கு ஊதியது. சாம்பல் கோட்டுகள் வந்தன. இருபது, ஐம்பது, நூறு. அப்பா முகத்தைத் திருப்பி ஷெட்டின் கூரை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு வாசல் தெரியும். கட்டிய கையில் கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா வாசலைத் தாண்டி வந்து, வேலைத் தொப்பியைக் கழற்றினாள். வெயில் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஏய்," என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல், மெதுவாக.

கை பிரிந்தது. வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு, நின்று, சாலையைத் தாண்டினார். நூறு சாம்பல் கோட்டுக்கு நடுவே நேராக நடந்துபோய் அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"என்ன இது, இண்டிகேட்டர் போட்டுட்டு வர்றே?"

"நல்லா இல்லையா?"

"ரெண்டு பக்கமும் எரியுது. பின்னாடி வர்றவன் எந்தப் பக்கம்னு நினைப்பான்?"

"நான் நேராத்தான் போறேன்."

"சரி, போ." நாலு எட்டு நடந்த பிறகு கேட்டார்: "இது எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"பத்துத் தடவை தலைக்குக் குளிச்சா போயிடுமாம்."

"அப்ப வாரத்துக்கு ஒரு தரம் குளி. சளி வேற பிடிச்சிருக்கு."

அம்மா துணிக்கடைப் பொம்மை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. அல்லது இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்திருக்கலாம்.

இதோடு கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அப்பாவுக்குத் திடீரென்று என் ஞாபகம் வந்துவிட்டது. "பையன் என்கூட வந்தானே," என்று அம்மாவை நிற்கச் சொல்லிவிட்டு, சாலையைத் தாண்டி ஷெட்டுக்குத் திரும்பினார். அதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. தங்கள் அக்காவையோ அம்மாவையோ கூட்டிப்போக வந்த என் வயசுப் பையன்கள், எல்லோரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட்டில். அப்பா நேராக என்னிடம் வந்தார். மூன்றடி தூரம். என் காதுப் பக்கம் பார்த்தார்.

"தம்பி, இங்க மெலிசா ஒரு பையன் நின்னுட்டு இருந்தான். நீங்க பார்த்தீங்களா? நம்ம பையன்தான்."

இருபது வருஷத்தில் அப்பா என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை. வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். பெற்ற பையனிடமே பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்துவிடும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். நான் செருப்புச் சத்தம் கேட்காமல் ஷெட்டைச் சுற்றி ஓடி, மறுபக்கத்திலிருந்து வந்தேன்.

"அப்பா! இங்க இருக்கேன். கடைக்குப் போயிருந்தேன்."

"எங்கடா போனே? இங்க ஒருத்தர்கிட்ட கேட்டேன், வாயையே திறக்கலை. என்ன பசங்களோ!"

"ஆமாப்பா. சரியான பசங்க இல்லை."

என் தோளில் கை வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினார். அதன் பிறகு அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள், நான் பின்னால். வீடு வரை அவர்கள் பேச்சு நிற்கவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்கும் தூரத்தில் நான் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மேல் தட்டில் ப்ளீச் பாதி இருந்தது, சாயம் பாதிக்கு மேல் இருந்தது. நெற்றி ஓரத்தில் க்ரீமைத் தடவினேன். கையுறை அக்காவின் அளவு. விரல் பாதிதான் நுழைந்தது.

"உள்ள என்னடா பண்றே? எவ்வளவு நேரம்?" என்று அக்கா கதவைத் தட்டினாள்.

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

வெளியே சத்தமில்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"தனியா பண்ணா பட்டை கோணலாப் போகும்," என்றாள். குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "தாழ்ப்பாளைத் திற."

திறந்தேன்.